சாய்ந்த வாசலில் சைக்கிள் கழுவ எந்த ஸ்டாண்டு? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் மழைக்காலச் சைக்கிள் பராமரிப்பு பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ‘கழுவும்போது ஒரு ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டால் இடுப்பு பிழைக்கும்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். செயினைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க ஸ்டாண்டுதான்.

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, என்னிடம் இருப்பது ஆயில் டிஸ்க் பிரேக் வைத்த எம்டிபி (மலைப்பாதைச் சைக்கிள்). இதுவரை தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுத்தான் கழுவுகிறேன். ஸ்டாண்டு வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் ஆயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பித்து என் சைக்கிள் விலையையே தாண்டிப் போகிறது. எதை வாங்குவது? வீட்டு முன்னால் இருக்கிற இடம் கொஞ்சம் சரிவு.

பதில்: தம்பி, கடைசியில் எழுதிய வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மலையில் ஸ்டாண்டு வாங்குகிறவர் சைக்கிளைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலைப் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கவிழ்த்துப் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கம்பி இழுக்கிற பிரேக் என்றால் அஞ்சு நிமிஷம் கவிழ்ந்து கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆயில் பிரேக்கில் லீவர் பக்கத்துக் குப்பியின் மேல்பகுதியில் துளி காற்று நின்றிருந்தால், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் போய்விட வாய்ப்புண்டு. நிமிர்த்திய பிறகு லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்தப் பிரேக்கோடு பர்லியாறு பக்கம் இறங்குவது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தவிர, சேறு பிடித்த தரையில் சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஊன்றிவிட்டு, மற்றதைக் கழுவி முடித்த பிறகு அவற்றை மறுபடி கழுவுகிறீர்கள். இரண்டு வேலை.

கடையில் கிடைப்பவை மோட்டாமோட்டாக மூன்று ஜாதி. ஒன்று, இடுக்கி வைத்தது. நடுவில் ஒரு கம்பம், கீழே விரிகிற இரண்டு அல்லது மூன்று கால், மேலே ரப்பர் வாய் வைத்த ஒரு இடுக்கி. அது சீட்டைத் தாங்குகிற குழாயை, அதாவது சீட் பில்லரைக் கவ்வ, சைக்கிள் முழுசாக அந்தரத்தில் நெஞ்சு உயரத்தில் நிற்கும். இரண்டு, முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கவட்டையை, அதாவது ஃபோர்க்கைப் பிடிப்பது. முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் நுனியை ஸ்டாண்டில் பூட்டி, பெடல் அச்சு இருக்கிற பி.பி. பகுதியை ஒரு தொட்டில் மேல் உட்கார வைப்பார்கள். ரேஸ்காரர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் இது. மூன்று, தரையோடு தரையாக நிற்கும் சின்ன ஸ்டாண்டு. கடையில் சைக்கிளைக் காட்சிக்கு நிறுத்தி வைப்பார்களே, அதே. பின்சக்கர அச்சையோ அதன் பக்கத்துக் குழாய்களையோ பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைக்கும். விலை மலிவு, ஆனால் நீங்கள் குந்தித்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கு முதல் ஜாதி போதும். அதில் மூன்று கால் வைத்ததாகப் பாருங்கள். கடைக்காரர் ‘சார், இரண்டு கால் வைத்தது லேசு, மடித்தால் கையடக்கம்’ என்பார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அவர் கடைத் தரை மொசைக்.

நான் வாங்கிய முதல் ஸ்டாண்டு இரண்டு கால்தான். கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசல், தேயிலைப் பாத்தி மாதிரி, தெருவை நோக்கி இறங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மாட்டி, சோப்பு போட்டு, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பின்சக்கரத்தில் இருக்கிற கியர் பல்சக்கர அடுக்கு, கேசட் என்பார்கள், அதன் பல்லுக்குள் மண் இறுகியிருந்ததால் பின் சக்கரத்தைக் கழற்றினேன். அதுவரை பின் சக்கரத்தின் எடைதான் முன்பக்கத்துக்கு ஈடு கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அதை எடுத்த நொடியில்தான் புரிந்தது. சைக்கிளின் மூக்கு கனத்து, மூக்கு பார்த்திருந்தது பள்ளத்தை, ஸ்டாண்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மெதுவாக, கல்யாண வீட்டில் மாமா சாய்கிற மாதிரி, வலப்பக்கமாகச் சாய்ந்தது. என் ஒரு கையில் சக்கரம், இன்னொரு கை முழுக்க நுரை. கியர் மாற்றும் டெரயிலர் முதலில் தரையைத் தொட்டு, அது தொங்குகிற அலுமினியக் காது, ஹேங்கர் என்பார்கள், உள்பக்கமாக வளைந்துவிட்டது. ஃப்ரேம் தப்ப வேண்டும் என்றுதான் அந்தக் காதை மெலிதாகச் செய்கிறார்கள், அந்த அளவில் அது தன் வேலையைச் செய்தது. ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒவ்வொரு அளவு. என்னுடையது கோயம்புத்தூரில் ஒரு கடையில் சொல்லி வைத்து வந்துசேர மூன்று வாரம் ஆனது.

ஆகவே சரிவில் வைக்கும்போது ஒரு கால் நேராகப் பள்ளத்தைப் பார்க்கட்டும், சைக்கிளின் மூக்கு மேட்டுப் பக்கமாகவோ குறுக்காகவோ இருக்கட்டும், சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கை ஃப்ரேமில் இருக்கட்டும். அதைவிடச் சுலபம், ஸ்டாண்டு நிற்கிற அளவுக்கு மட்டும் தரையைச் சமப்படுத்திவிடுவது. மண்வெட்டி எடுத்து ஒரு மீட்டர் சதுரம் வெட்டி, கால் படுகிற மூன்று இடத்தில் மூன்று சப்பைக் கல் பதியுங்கள். மட்டம் பார்க்கக் கொத்தனார் வேண்டாம், பாதி தண்ணீர் ஊற்றிய பாட்டிலைப் படுக்க வைத்தால் அதுவே சொல்லும். வெறும் மண்ணில் ஊன்றினால் முதல் வாளித் தண்ணீரிலேயே ஒரு கால் புதைய ஆரம்பிக்கும், மழைக்காலத்தில் நம் செம்மண் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

வாங்கும்போது இடுக்கியைக் கையால் திருகிப் பாருங்கள். ஒரே அமுக்கில் கவ்வுகிற மாடல் பார்க்க அழகு. சோப்புக் கையோடு வேலை செய்கிறவனுக்குத் திருகு வைத்ததுதான் நம்பிக்கை என்பது என் கட்சி. எம்டிபி சீட் பில்லர் பெரும்பாலும் 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டர், பழையவற்றில் 27.2. எந்த இடுக்கியும் இதைப் பிடிக்கும். கவ்வுவதற்கு முன் பில்லரைத் துணியால் துடையுங்கள். ரப்பருக்கும் பில்லருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். சீட்டை உயர்த்த வேண்டியிருந்தால் பழைய உயரத்தில் ஒரு டேப் சுற்றிவிட்டு உயர்த்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் முழங்கால் கேட்கும். பொத்தானை அமுக்கினால் சீட் இறங்குகிற டிராப்பர் போஸ்ட் வைத்திருக்கிறீர்களா? அதில் ஏறி இறங்குகிற பளபளப்பான குழாயை மட்டும் இடுக்கியில் கொடுக்காதீர்கள். கீறல் விழுந்தால் உள்ளே இருக்கிற சீல் போச்சு.

பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு வாசகர்: நீங்கள் சொல்கிற ஸ்டாண்டெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது சார். ஏழு வீட்டுக்கு ஒரே குழாய். சைக்கிள் பையனுடையது, கியர் வைத்தது. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, நல்ல வழியே இருக்கிறது. உங்கள் பக்கம் சில்வர் ஓக்குக்குப் பஞ்சமில்லை. கைக்கு எட்டுகிற தடித்த கிளை, அல்லது வீட்டுத் தாழ்வார உத்திரம், எதுவாக இருந்தாலும் சரி. கறிக்கடையில் ஆட்டுத் தொடையை மாட்டித் தொங்கவிடுகிற கொக்கி இருக்கிறதே, எஸ் எழுத்து மாதிரி, அதில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சரான பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து இரண்டு கொக்கிக்கும் இறுக்கிச் சுற்றி, ஒன்றைச் சீட்டுக்கு அடியில் ஓடுகிற கம்பியிலும் இன்னொன்றை ஹேண்டில்பாருக்கு நடுவிலும் மாட்டி, இரண்டையும் தனித்தனிக் கயிற்றில் கட்டுங்கள். ஒரே கயிற்றில் கட்டினால் சைக்கிள் ராட்டினம் மாதிரி சுற்றும். பிரேக் கம்பி மேல் கொக்கி உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும். பெடல் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரட்டும்.

ஆடும், அது உண்மை. ஸ்பேனர் வைத்து இறுக்குகிற வேலையெல்லாம் இதில் நடக்காது. கழுவ, செயின் துடைக்க, எண்ணெய் விட இது தாராளம். ஆயிரம் ரூபாய்க்கு வருகிற, அழுத்தினால் பல்லைக் காட்டுகிற ஸ்டாண்டைவிட இதுவே மேல் என்று நான் அடித்துச் சொல்வேன்.

குழாய் விஷயம். ஓடுகிற குழாயில் ஹோஸ் போட்டுக் கழுவ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோடையில் எங்கள் பக்கமும் குழாயில் தண்ணீர் வருகிற நாளை விரல் விட்டு எண்ணித்தான் பிழைப்பு. அந்தரத்தில் தொங்குகிற சைக்கிளுக்கு இரண்டு வாளி போதும். ஒன்றில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு மூடி, இன்னொன்றில் வெறும் தண்ணீர். செயின், கேசட், பெடலைத் தாங்குகிற கிராங்க் பக்கத்தை முதலில் முடித்துவிடுங்கள், அந்தக் கறுப்புத் தண்ணீர் சக்கரத்தில் தெறித்தாலும் அடுத்து கழுவப்போவது அதைத்தானே. செயினுக்கு ஒரு துணி, மற்றதற்கு வேறு துணி. ஒரு வேண்டுகோள்: கழுவிய எண்ணெய்த் தண்ணீர் ஊற்று இருக்கிற பக்கமோ ஓடைக்கோ இறங்காமல் பாருங்கள். கீழ் லைனில் குடிப்பது அதைத்தான்.

கேத்தியிலிருந்து: எங்கள் ஊரில் கேரட் கழுவுகிற மெஷின் இருக்கிறது. வேலை முடிந்த நேரத்தில் அங்கே இருக்கிற பம்ப் ஹோஸில் சைக்கிளையும் அடித்துக் கழுவிக்கொள்கிறேன். ரெண்டே நிமிஷம், பளிச்சென்று ஆகிவிடுகிறது. இதற்கு எதற்கு ஸ்டாண்டு?

பதில்: பளிச்சென்று ஆவது பெயின்ட். சக்கர நடுவில் இருக்கிற ஹப்புக்குள்ளும் பி.பி.க்குள்ளும் ஹேண்டில் கழுத்துக்குள்ளும் இருக்கிற பால்ரஸ்களுக்கு நடுவே கிரீஸ் இருக்கிறது. வேகமாகப் பீய்ச்சுகிற தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் அந்தக் கிரீஸை வெளியே தள்ளிவிட்டு, தான் அங்கே குடித்தனம் வைத்துவிடும். ஆறு மாசம் கழித்துப் பெடலை மிதித்தால் உள்ளே மிளகு அரைக்கிற சத்தம் கேட்கும். அப்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். அந்த ஹோஸ்தான் வேண்டும் என்றால் தூரத்திலிருந்து, மேலிருந்து கீழே மழை மாதிரி விழ விடுங்கள், அச்சுகளைக் குறி பார்க்க வேண்டாம்.

ஸ்டாண்டு எதற்கு என்று கேட்டீர்கள். சுவரில் சாய்த்து வைத்த சைக்கிளில் பெடலைப் பின்னால்தான் சுற்ற முடியும், சக்கரம் சுற்றாது. சக்கரம் சுற்றாவிட்டால் ரிம்மின் உள்பக்கம், மட்கார்டின் அடிப்பக்கம், ஃபோர்க்குக்கு நடுவில் அப்பிக்கிடக்கிற மண், இதெல்லாம் கைக்கு வராது. தோட்டத்து மண் காய்ந்தால் கல். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் கட்டை வைத்த சைக்கிளாக இருந்தால் அந்த மண் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அலுமினியத்தைத் தேய்த்துத் தின்னும். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவும் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் ரிம்மை விரலால் தடவிப் பார்த்தால் நான் சொல்வது தெரியும், நடுவில் குழி விழுந்திருக்கும்.

வெலிங்டனிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்: முப்பது வருடமாக ஒரே கறுப்புச் சைக்கிள், கேரியர் வைத்தது. முழங்கால் வலி வந்த பிறகு கழுவுவது சிரமமாக இருக்கிறது. இந்தப் புது மாடல் ஸ்டாண்டு அதற்குப் பொருந்துமா?

பதில்: ஐயா, உங்கள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடவே பிறந்திருக்கிறது. பின்னால் காலால் தள்ளி நிறுத்துகிறீர்களே, அந்த ஸ்டாண்டு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கித்தான் வைக்கிறது. பணம் கொடுத்து வாங்குகிற மூன்றாம் ஜாதி செய்வதும் அதே வேலைதான். அந்தச் சைக்கிள் இருபது கிலோவுக்குக் குறையாது, அதைத் தூக்கி இடுக்கியில் மாட்டுவதற்கு முழங்காலைவிட இடுப்பு அதிகமாகப் பேசும். அடியில் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டு, யாரையாவது கூட வைத்துக்கொண்டு சைக்கிளை அதன் மேல் ஏற்றி நிறுத்திக்கொண்டு, நீங்கள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கழுவுங்கள். வெயில் இருக்கிற பக்கம் பார்த்து உட்காருங்கள், அவ்வளவுதான்.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள். மகளுடையது நடுக்கம்பி இல்லாத லேடீஸ் மாடல், என்னுடையது பேட்டரி சைக்கிள். ஒரே ஸ்டாண்டு இரண்டுக்கும் போதுமா? மாடிப்படிக்கு அடியில் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பதில்: போதும் அக்கா, ஆனால் பேட்டரி சைக்கிளை வைத்து முடிவு பண்ணுங்கள். அது பல மாடல்களில் 20 முதல் 25 கிலோ வரும். ஸ்டாண்டுப் பெட்டியில் 25 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் அது கம்பம் நேராக, தரை மட்டமாக இருக்கும்போது. நம் வாசலுக்கு அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். 30 கிலோவுக்கு மேல் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். எடையும் குறையும், பேட்டரி முனையில் தண்ணீரும் படாது. கழற்றிய இடத்தில் தெரிகிற முனைகள் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். இடுக்கி உயரத்தை முதலில் தாழ்த்தி வைத்து, சைக்கிளைக் கொஞ்சம் மட்டும் தூக்கி மாட்டி, அப்புறம் கம்பத்தை உயர்த்துகிற வசதி இருந்தால் தோள்பட்டை தப்பிக்கும். தனியாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

லேடீஸ் மாடலில் பிடிக்க நடுக்கம்பி இல்லையே என்று பயப்பட வேண்டாம், எந்தச் சைக்கிளிலும் பிடிக்க வேண்டிய இடம் சீட் பில்லர்தான். முன்னால் கூடை இருந்தால் ஹேண்டில் தானாகத் திரும்பி ஃப்ரேமில் இடிக்கும், ஒரு நாடாவால் கட்டிவிடுங்கள்.

மாடிப்படிக்கு அடியில் வைப்பதற்கு முன் ஸ்டாண்டையும் துடைக்க வேண்டும். சைக்கிளைத் துடைத்துவிட்டு ஸ்டாண்டை ஈரத்தோடு மடித்து வைக்கிறவர்கள்தான் அதிகம். இரும்புக் கால் என்றால் மூட்டில் துரு பிடித்து அடுத்த வருஷம் விரியாது. அலுமினியத்தில் அந்தக் கவலை குறைவு, ஆணிகளுக்கு மட்டும் துளி எண்ணெய்.

உதகையிலிருந்து ஒருவர்: கார்பன் ஃப்ரேம் ரோடு பைக். இடுக்கி ஸ்டாண்டில் மேல் குழாயைப் பிடித்து மாட்டலாமா? சீட் போஸ்ட்டும் கார்பன், வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது.

பதில்: கூடாது, கூடாது, கூடாது. கார்பன் குழாய் ஓடுகிற திசையில் வரும் பாரத்தைத் தாங்கச் செய்தது, பக்கவாட்டில் இரண்டு பக்கமும் வைத்து நசுக்கினால் உள்ளே விரிசல் விட்டு வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும். உங்களுக்கு இரண்டாம் ஜாதி, ஃபோர்க்கைப் பிடிக்கிற ஸ்டாண்டுதான். வாங்குவதற்கு முன் முன்சக்கர அச்சு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: லீவரைத் தளர்த்தினால் சக்கரம் கீழே விழுகிற பழைய மாதிரியா, அல்லது 12 மில்லிமீட்டர் தடி ஒரு பக்கமாக உருவி வருகிற மாதிரியா. ஸ்டாண்டோடு வருகிற துண்டுகள் இரண்டுக்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். எம்டிபியையும் அதிலேயே மாட்டும் எண்ணம் இருந்தால் 15 மில்லிமீட்டருக்கும் துண்டு வேண்டும். பி.பி.க்கு அடியில் கியர் கம்பி ஓடுகிற ஃப்ரேம் என்றால் தொட்டில் அந்தக் கம்பியை நசுக்காமல் நடுவில் பள்ளம் இருக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் என்றால், முன்சக்கரம் வெளியே இருக்கும்போது முன்பிரேக் லீவரைத் தப்பித்தவறிக்கூட அமுக்காதீர்கள். டிஸ்க் இல்லாத இடத்தில் பிரேக் கட்டைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும், சக்கரத்தைத் திரும்ப மாட்ட இடம் இருக்காது. சைக்கிளோடு வந்த சின்ன பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள், அதை இடையில் செருகத்தான் கொடுத்தார்கள். இல்லையென்றால் மடித்த அட்டை. கழற்றிய சக்கரத்தின் டிஸ்க் மேல் செயின் கழுவுகிற திரவமோ எண்ணெயோ தெறிக்கக் கூடாது. எண்ணெய் ஏறிய பிரேக் கட்டை கத்தும், பிடிக்காது. சக்கரத்தை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிற காலையில் கழுவக் கிளம்புகிறவர்கள் உண்டு. பதினொரு மணிக்கு மேல் வெயிலில் கழுவுங்கள். விரல் மரத்துப்போன கையால் திருகை எவ்வளவு இறுக்கினோம் என்பது தெரியாது, கார்பனில் அது விளையாட்டு இல்லை.

கொடைக்கானலிலிருந்து: ஏரிக்கரையில் வாடகைக்குச் சைக்கிள் விடுகிறேன். சீசனில் ராத்திரி இருபது சைக்கிளாவது கழுவ வேண்டும். ஒரு ஸ்டாண்டு வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமா?

பதில்: முடியாது, இன்னும் தாமதமாகும். மாட்டிக் கழற்றவே ஒரு சைக்கிளுக்கு இரண்டு நிமிஷம் போகும். 1863-இல் லெவிஞ்ச் துரை அந்த ஏரியை உண்டாக்கியபோது உங்களைப் போல ஒருவர் அதைச் சுற்றி அஞ்சு கிலோமீட்டர் சைக்கிள் விடுவார் என்று நினைத்திருக்க மாட்டார், ஆனால் உங்கள் பிரச்சினைக்கு விடை சாதாரண வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. ஒன்றரை இஞ்சு பைப்பைக் குறுக்காக, இரண்டு பக்கமும் ஏ எழுத்து மாதிரிக் கால் வைத்து, சீட்டின் மூக்கு மேலே மாட்டித் தொங்குகிற உயரத்துக்குச் செய்யச் சொல்லுங்கள். சைக்கிளைப் பின்னால் தூக்கி, சீட்டின் மூக்கைப் பைப்பில் மாட்டினால் பின்சக்கரம் அந்தரத்தில், முன்சக்கரம் தரையில். ஒன்று மாற்றி ஒன்று எதிரெதிராக மாட்டினால் மூன்று மீட்டர் பைப்பில் ஆறேழு நிற்கும். பெரிய சைக்கிள் பந்தயங்களில் வீரர்கள் சைக்கிளை வரிசையாக மாட்டி வைப்பது இந்த மாதிரிக் கம்பியில்தான். சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் கொஞ்சம் தாழ்வாக இன்னொரு பைப். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து மிதிக்கும் டபுள் சைக்கிளை மட்டும் இதில் தொங்கவிட வேண்டாம், நீளத்துக்குச் சீட்டின் மூக்கு தாங்காது.

கூடலூரிலிருந்து ஒரு வாசகர்: ஜூன் பிறந்தால் இங்கே நாலு மாசம் எதுவும் காயாது. ஸ்டாண்டு இருக்கிறது, ஒழுங்காகக் கழுவுகிறேன், ஆனாலும் மறுநாள் செயின் சிவப்பாகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ஊட்டிக்கு ஏறிய அன்று செயின் மாவு பூசின மாதிரி ஆகிவிட்டது.

பதில்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகிவிடும். ஊட்டியில் குளியலறை அலமாரியில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் வராத எண்ணெய் செயினுக்குள் மட்டும் எப்படி ஓடும்! அது தலைக்கு.

உங்கள் ஸ்டாண்டின் உண்மையான வேலை கழுவி முடித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. சைக்கிளை இறக்காதீர்கள். சக்கரங்களை வேகமாகச் சுற்றி விடுங்கள், தண்ணீர் தெறித்துப் போகும். பழைய பருத்தித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்றுங்கள், துணியில் கறுப்பு வருவது குறைகிற வரைக்கும். அப்புறம் சைக்கிளை இடுக்கியோடு சேர்த்து மூக்கு மேலே போகிற மாதிரித் திருப்பி, பிறகு கீழே போகிற மாதிரித் திருப்பினால் ஃப்ரேமுக்குள் புகுந்த தண்ணீர் சொட்டும். எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள், நான் ஒருமுறை டம்ளர் வைத்துப் பிடித்தேன், கால் டம்ளர். பி.பி.க்கு அடியில் பல ஃப்ரேம்களில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மண் அடைத்திருந்தால் ஊக்கால் குத்தி விடுங்கள். மாசம் ஒருமுறை சீட் பில்லரை உருவி, சைக்கிளைத் தலைகீழாக ஒரு நிமிஷம் பிடித்து (ஆயில் பிரேக் இருந்தால் இதை விட்டுவிடுங்கள்), பில்லருக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள், கார்பன் பில்லருக்கு மட்டும் கிரீஸ் ஆகாது.

எண்ணெய் விடுவது செயின் காய்ந்த பிறகு. கூடலூரில் காயாது என்கிறீர்கள், அடுப்படியில் விறகடுப்பு இருந்தால் பக்கத்துத் திண்ணையில் அரை மணி நேரம் நிறுத்துங்கள், இல்லையென்றால் தலைமுடி காய வைக்கிற மெஷினைச் செயின் மேல் காட்டுங்கள், வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. மழைக்காலத்துக்கென்று கடையில் ‘வெட் லூப்’ என்று கேட்டால் கொஞ்சம் கெட்டியான எண்ணெய் தருவார்கள். செயினின் உள்பக்கம் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, அஞ்சு நிமிஷம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வெளியே நிற்கிற எண்ணெய் சேற்றைக் கூப்பிடும்.

இன்னொன்று, உங்களுக்குத் தெரியாததில்லை. காட்டுப் பாதையில் போய் வந்த சைக்கிளை மாட்டிக் கழுவும்போது, கையை விட்டுத் துடைப்பதற்கு முன் மட்கார்டின் அடிப்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். போன ஆகஸ்டில் நான் கழுவி முடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றினால் மணிக்கட்டில் ஒரு அட்டை, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: செயின் அழுக்குக்கு நீலகிரித் தைலம் போடலாமா?

பதில்: அழுக்கு விடும். ஃப்ரேமில் ஸ்டிக்கர் உரித்த பசையும் தார்ப் பொட்டும்கூட அதில் போகும், துணியில் இரண்டு சொட்டு போதும். ஆனால் அது உயவு எண்ணெய் இல்லை, சில பிளாஸ்டிக்குகளை மெதுவாக்கியும்விடும். விலையைப் பார்த்தால் ஜலதோஷத்துக்கு வைத்துக்கொள்வதே லாபம்.